முதலில் வெனிலா, கடைசியில் வெற்றிலை

ஒரு கம்பெனியின் ஐஸ்கிரீம் நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதன் வெனிலாவை வாங்கிச் சாப்பிட்டால் போதும். பட்டர்ஸ்காட்ச், பிஸ்தா, பிளாக் கரண்ட், ராஜ்போக் என்று பெட்டி நிறைய வகை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பாலும் சர்க்கரையும் சேர்ந்த ஒரே கலவைதான். அது சரியில்லை என்றால் மேலே முந்திரியைக் கொட்டினாலும் குங்குமப்பூவைத் தூவினாலும் எடுபடாது. வெனிலாவில் எதையும் மூடி மறைக்க முடியாது. அதனால்தான் புதிதாக ஒரு பெயர் எங்கள் ஊர்க் கடைக்கு வந்தால் நான் முதலில் எடுப்பது வெனிலா.

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டிகிரி காபியில் பழகிய நாக்கு, பாலில் தண்ணீர் விழுந்திருந்தால் முதல் மடக்கிலேயே கண்டுபிடித்துவிடும். இரண்டாம் தடவை சுட வைத்த பால், பவுடர் கரைத்த பால், காலையில் கறந்த பால் என்று பிரித்துச் சொல்கிற பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களே ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்ததும் பாலை மறந்துவிடுகிறார்கள். என்ன கலர், எவ்வளவு இனிப்பு, முந்திரி கண்ணில் படுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு. ஐஸ்கிரீமும் ஒரு பால் பண்டம்தான். காபியில் பாலைத் தேடுகிற நாக்கு ஐஸ்கிரீமிலும் பாலைத் தேட வேண்டும். பாலை எடுத்துக் கொடுக்கிற சுவை நல்ல சுவை, பாலை அமுக்கிவிடுகிற சுவை வீண் சுவை. பல வருஷமாகக் கடை ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து நான் வந்து நிற்கிற இடம் இதுதான்.

சரி, வெனிலாவை எப்படிச் சாப்பிட்டுப் பார்ப்பது? ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே வேண்டாம். கல் மாதிரி இருக்கும்போது வாயில் போட்டால் நாக்கு மரத்துப் போகும், ஒன்றும் தெரியாது. ஐந்து, பத்து நிமிஷம் வெளியே வைத்து, கரண்டி தானாக இறங்குகிற பதம் வந்ததும் சாப்பிடுங்கள். மரக் கரண்டி, அதாவது கல்யாண வீட்டில் கப்போடு கொடுக்கிற அந்தத் தட்டையான குச்சி, கூடவே கூடாது. அதன் வாசனை முதல் வாயிலேயே வெனிலாவோடு கலந்துவிடும். வீட்டு எவர்சில்வர் கரண்டி போதும். காபி குடித்த வாயோடு உட்காராதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள்.

முதல் கரண்டியை மெல்லாமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்துக் கரைய விட வேண்டும். பால் கொழுப்பு நம் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். அதனால் நல்ல ஐஸ்கிரீம் விழுங்கிய பிறகு வாயில் பிசுக்கு இருக்காது, காய்ச்சிய பாலின் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் மூக்கில் நிற்கும். சில தாவரக் கொழுப்புகள் அந்தச் சூட்டில் முழுசாக உருகுவதில்லை. மேலண்ணத்தில் மெழுகு தடவினது போல ஒரு படலம் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த கரண்டியின் ருசி அதைத் தாண்டி வருவதற்குள் பாதி போய்விடும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இன்னொரு கரண்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு உருக விடுங்கள். கெட்டியான பாலேடு போல வழிந்து பரவினால் நல்ல அறிகுறி. நுரை அப்படியே மேலே நிற்க, அடியில் தண்ணீர் கசிந்தால் உள்ளே காற்றும் தண்ணீரும் அதிகம் என்று பொருள். உருகியதைக் கடைசியில் குடித்துப் பாருங்கள். குளிரில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும் என்பதால் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். உருகிய பிறகு தொண்டையைக் கட்டுகிற இனிப்பாக இருந்தால், பால் ருசி குறைவை சர்க்கரை வைத்து நிரப்பியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

வாயில் வைப்பதற்கு முன்னால் படிக்க வேண்டியது டப்பாவின் பின்பக்கம். இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வெறுமே ‘ஐஸ்கிரீம்’ என்று போட வேண்டுமானால் அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். ஆவினின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் இருக்கிற கொழுப்பு 6 சதவீதம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த 10 எவ்வளவு கெட்டி என்று புரியும். 10-க்குக் கீழே, இரண்டரைக்கு மேலே என்றால் அது ‘மீடியம் ஃபேட்’ ஐஸ்கிரீம். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்திருந்தால் அதன் பெயர் ‘ஃப்ரோசன் டெசர்ட்’, அதை டப்பாவில் போட்டே ஆக வேண்டும். போடுகிறார்கள், ஆனால் எழுத்து சின்னதாக இருக்கும். மளிகைக் கடை வெளிச்சத்தில் பனி படிந்த டப்பாவில் அதைத் தேடிப் படிக்கப் பொறுமை வேண்டும். விரலால் பனியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

இந்த விஷயத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2017-இல் அமுல் விளம்பரம் ஒன்று ஃப்ரோசன் டெசர்ட்டை வனஸ்பதியோடு சேர்த்துப் பேசியது. அப்போது குவாலிட்டி வால்ஸ் விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த விளம்பரத்துக்குத் தடை வாங்கியது. ஃப்ரோசன் டெசர்ட் சட்டப்படி விற்கிற பண்டம், அதில் விஷம் ஒன்றும் இல்லை. சாக்லேட் பூசிய குச்சி வகைகளில் அது நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே நாம் தேடுவது சாக்லேட்டை. ஆனால் வெனிலா கப்பில் தாவர எண்ணெய் இருந்தால் நாக்குக்கு ஏமாற்றம்தான். பாலைத் தேடி வந்தவருக்கு அங்கே பால் கிடைக்காது.

அடுத்தது காற்று. ஐஸ்கிரீமில் காற்று இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாறையாகிவிடும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. சட்டம் சொல்வது லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம். உறைய வைப்பதற்கு முன் அந்தக் கலவை லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். ஆக, நாம் வாங்குகிற ஒரு லிட்டரில் பாதி வரை காற்றாக இருக்கலாம், அதுவும் சட்டப்படியே. பல டப்பாக்களில் மில்லி மட்டும்தான் பெரிதாகப் போட்டிருக்கும். வீட்டில் சின்ன எடை மெஷின் இருந்தால் காலி டப்பாவின் எடையைக் கழித்துப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் டப்பாவில் 262 கிராமை ஒட்டி நின்றால் அது எல்லையோரம். முந்நூறைத் தாண்டினால் கொடுத்த காசுக்குப் பண்டம் வந்திருக்கிறது. விலை கூடின டப்பா, குறைந்த டப்பா இரண்டையும் எடை போட்டுப் பார்த்தால் கிராம் கணக்கில் விலை கிட்டத்தட்ட ஒன்றாக வருவதும் உண்டு.

எங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கிற மூன்று வெனிலாக்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆவின் வெனிலாவில் பால் வாசனை முன்னால் நிற்கும், எசன்ஸ் பின்னால் வரும். எனக்கு அந்த வரிசை பிடிக்கும். அமுல் வெனிலா அதைவிடக் கனம், வெண்ணெய்ச் சாயல் தெரியும், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கரண்டி போதும் என்று தோன்றும். அருண் வெனிலாவில் இனிப்பு ஒரு படி தூக்கல், பிள்ளைகள் கேட்பது அதைத்தான். 1970-இல் சென்னை ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலில் தொடங்கியது அந்த கம்பெனி. சென்னையில் பெரிய பெயர்களோடு மல்லுக்கட்டாமல் வெளியூர்களைத் தேடிப் போய் வளர்ந்தார்கள். எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் கல்யாண மண்டபம் அல்லாத இடத்தில், ஒரு கடைக்குள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிற பழக்கம் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கம்பெனியில் எவ்வளவு நன்றாகச் செய்து அனுப்பினாலும் கடைசி ருசியைத் தீர்மானிப்பது கடையின் ஃப்ரீசர். டெல்டாவில் ஐஸ்கிரீம் வாங்குகிறவர் இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பேன். ஐஸ்கிரீமில் இருக்கிற பனித் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. சூடு ஏறி இறங்கினால் சின்னத் துகள்கள் உருகி, திரும்ப உறையும்போது பெரிய துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். சுமார் 50 மைக்ரானை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்கில் நறநற என்று தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் எந்த ஃப்ரீசரில் வைத்தாலும் பழைய பதம் வராது. மைனஸ் 18 டிகிரியில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டிய பண்டம், சித்திரை வெயிலில் கரண்ட் போய் வருகிற ஊரில் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாபநாசம் தாண்டி ஒரு கடைத்தெருவில் மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் நேராகவே கேட்டேன். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, ஓரமெல்லாம் இரண்டு விரல் தடிமனுக்குப் பனி கட்டியிருந்தது.

“அண்ணே, ராத்திரி இத ஆஃப் பண்ணிருவீங்களா?”

அவர் மறைக்கவில்லை. “கரண்ட் பில்லு கட்டி முடியல தம்பி. ஒம்பது மணிக்கு மேல யாரு வந்து ஐஸ்கிரீம் கேக்குறா? காலைல வந்து போட்டு விட்டுருவேன், கல்லாத்தான் இருக்கும்.”

“கல்லாத்தான் இருக்கும், ஆனா உள்ள பனி கட்டிரும்ணே.”

“குச்சி ஐஸ், கப் ஐஸ்தான் இங்க ஓடும். டப்பா வாங்குறவுக கும்பகோணத்துலயே வாங்கிட்டு வந்துருவாக.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு பெட்டி ராத்திரி பகல் ஓடினால் ஆகிற செலவை அந்தக் கடையின் ஐஸ்கிரீம் விற்பனை தாங்காது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. அதைப் பார்த்த கடைக்காரர்கள் குளிர்பெட்டிச் சரக்கில் அதிகம் காசு போடத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குகிறவர்கள் நாம் பார்த்து வாங்கலாம். டப்பாவின் வெளியே ஒட்டியிருக்கிற பனி பெரிய விஷயம் இல்லை. மூடியைத் திறந்ததும் உள்பக்கம் ஊசி ஊசியாகப் பனி இருந்தால், ஐஸ்கிரீம் டப்பாவின் சுவரை விட்டு விலகிச் சுருங்கியிருந்தால், அது ஒரு தடவையாவது இளகி உறைந்தது. கோன் வாங்கும்போது காகிதத்துக்கு மேலேயே அடி நுனியை அழுத்திப் பாருங்கள், நமுத்திருந்தால் வேண்டாம். பெட்டியின் உள்ளே ஒரு கோடு இருக்கும், அதற்கு மேல் அடுக்கிய சரக்குக்குக் குளிர் பற்றாது. அடியில் இருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள்.

நறநறப்பிலும் இரண்டு வகை உண்டு. பனியாக இருந்தால் வாய்ச் சூட்டில் கரைந்துவிடும். மணல் போல இருந்து கரையாமலே நின்றால் அது பாலில் உள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரை கட்டி கட்டியாகப் பிரிந்தது. பால் பவுடரை அளவுக்கு மேல் போட்டு நீண்ட நாள் வைத்தால் இப்படி ஆகும்.

இனி மற்ற சுவைகள். பட்டர்ஸ்காட்ச்தான் இன்றைக்கு டெல்டாவின் கல்யாணச் சுவை. மயிலாடுதுறையோ மன்னார்குடியோ, பந்தி முடிந்து வெளியே வந்தால் ஒரு பக்கம் பீடா, ஒரு பக்கம் மஞ்சள் நிறத்தில் பட்டர்ஸ்காட்ச். இதன் உயிர் பாகில் புரட்டிய முந்திரித் துணுக்கில் இருக்கிறது. வெண்ணெயும் சர்க்கரையும் லேசாகக் கருகி வருகிற அந்த வாசனை பால் கொழுப்போடு நன்றாகப் பொருந்தும், அதனால் இது எனக்குப் பிடித்த சுவைகளில் ஒன்று. துணுக்கு பல்லில் பட்டதும் படக்கென்று உடைய வேண்டும். சரக்கு பழசானால் பாகு ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், இன்னும் பழசானால் பாகு கரைந்து போய் வெறும் ஊறின முந்திரி மட்டும் இருக்கும். டப்பாவில் உள்ள தேதியைவிட இந்தத் துணுக்கு சரியாகக் கணக்குச் சொல்லும்.

பிஸ்தாவைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அதிகம் இல்லை. நிஜ பிஸ்தாவுக்கு மணம் மிக மெல்லியது, நிறமும் அப்படிப் பளீர் பச்சை கிடையாது. நாம் பிஸ்தா வாசனை என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பாதாம் எசன்ஸின் வாசனை. பின்பக்கம் 102, 133 என்ற எண்கள் இருந்தால் மஞ்சளும் நீலமும் கலந்து வந்த பச்சை அது. பருப்பு கண்ணால் பார்க்கிற அளவு இருந்து, நிறம் வெளிறியிருந்தால் நம்பி வாங்கலாம். ஸ்ட்ராபெர்ரியும் பிளாக் கரண்டும் எனக்குப் பொருட்டில்லை. செடியில் பறித்துத் தின்று பழகாத பழம், ஒப்பிட்டுச் சொல்ல அளவுகோல் கையில் இல்லை. மாம்பழம் கோடையில் பழமாகவே கிடைக்கும்போது அதை உறைய வைத்துத் தின்ன வேண்டிய அவசியம் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும்.

குல்ஃபி வேறு சாதி. கடையாமல், காற்று ஏற்றாமல், பாலைச் சுண்டக் காய்ச்சி அப்படியே அச்சில் உறைய வைப்பது. அதனால் கனம் கூடுதல், உருகவும் நேரம் எடுக்கும். பனித் துகள் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், அது குல்ஃபியின் இயல்பு, குறை சொல்லக் கூடாது. பால் குறைவாக இருந்தால் குல்ஃபி சரியாக வராது என்பதால் கடைப் பெட்டியில் எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு நான் குல்ஃபியைத்தான் காட்டுவேன். ஆவின் குல்ஃபியில் ஏலக்காய் அடக்கமாக இருக்கும், சுண்டின பாலின் ருசி மேலே வரும். ராத்திரி மணி அடித்துக்கொண்டு தெருவில் வருகிற குல்ஃபி வண்டியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

காபி ஐஸ்கிரீமைப் பற்றிக் கும்பகோணத்துக்காரன் பேசாமல் விட முடியாது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காபித் தூளில் செய்தவை. குளிரில் காபியின் வாசனை அடங்கிவிடும், கசப்பு மட்டும் நிற்கும், அதைச் சமாளிக்கச் சர்க்கரை ஏறும். கடைசியில் காபி மிட்டாயின் ருசிதான் மிஞ்சும். இதற்கு வழி வேறு. நல்ல வெனிலா வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷன், கொஞ்சம் சிக்கரி சேர்ந்தது, சூடாக இருக்கும்போதே டபராவில் இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் வைத்து அதன் மேல் ஊற்றுங்கள். ஓரம் இளகிப் பாலாகும், நடு கெட்டியாக நிற்கும். காபி வாசனை சூட்டில் எழும், பால் குளிர்ச்சியாக வரும். இத்தாலியில் இதே மாதிரி ஒரு பழக்கம் உண்டு. இரண்டாம் டிகாஷன் வேண்டாம், தண்ணீராகிவிடும். வெனிலா சுமாராக இருந்தால் டிகாஷன் அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இளநீர் ஐஸ்கிரீமுக்கு வழி காட்டியது மும்பையின் நேச்சுரல்ஸ் ஐஸ்கிரீம் கம்பெனி. இப்போது பல கம்பெனிகள் போடுகின்றன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து ஆட்களிடம் இதைக் கொடுத்துக் கருத்துக் கேட்பது நல்லது, ஏனென்றால் இளநீர் வழுக்கையின் பதம் அவர்களுக்குத் தெரியும். என் பட்டுக்கோட்டை மாமா ஒரு கம்பெனியின் இளநீர் ஐஸ்கிரீமை மோந்து பார்த்துவிட்டு, “தலைக்குத் தேய்க்கிறதா, திங்கிறதா மாப்ள?” என்றார். எசன்ஸ் அப்படி. இளநீரின் மணம் மிகவும் மென்மையானது, எசன்ஸில் அது வராது, முற்றின தேங்காயின் எண்ணெய் வாசனைதான் வரும். நல்ல இளநீர் ஐஸ்கிரீமில் வாசனை கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. இனிப்பு குறைவாக, வழுக்கை மெல்லிய கீற்றாக இருக்கும். கீற்று தடித்தால் அதில் உள்ள தண்ணீர் உறைந்து பனிக்கட்டியைக் கடிப்பது போல ஆகிவிடும். அப்படிச் சரியாக வந்த டப்பாவைச் சாப்பிட்டுவிட்டு மாமா மறுபடி கேட்டு வாங்கினார்.

கடைசியாக, நான் அதிகம் மனதைப் போட்டுப் பார்த்த சுவை, வெற்றிலை. கடையில் ‘பான்’ என்ற பெயரில் வருகிறது. எங்கள் பூர்வீகம் பாபநாசம் பக்கம். ராஜகிரி, பண்டாரவாடை வழியாகப் போனால் இப்போதும் கொடிக்கால்கள் உண்டு, அகத்தியைப் பிடித்து ஏறின வெற்றிலைக் கொடிகள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இலையை மென்று வளர்ந்தவர்களின் ஊரில் விற்கிற பான் ஐஸ்கிரீமில் இலை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

அப்பாயியிடம், அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டியிடம், கொடுத்தேன். நாள் தவறாமல் வெற்றிலை போடுகிறவர். கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சோம்பு இருக்கு, குல்கந்து இருக்கு, பல்பொடி மாரி சில்லுன்னு என்னமோ இருக்கு. வெத்தல எங்கடா?” என்றார். சரியான தீர்ப்பு. அந்தச் சுவை வடநாட்டு இனிப்பு பீடாவை வைத்துச் செய்தது. பச்சை நிறம் இலையிலிருந்து வந்ததில்லை. சில்லென்பது மென்தால். நம் வெற்றிலையின் அடையாளமான காரம், கிராம்பில் இருக்கிற அதே யூஜினால் என்கிற பொருள் தருகிற அந்தச் சுருக்கென்ற உறைப்பு, அதில் இல்லை. கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் எடுத்திருப்பார்கள், ஊர் ஊராக விற்க வேண்டுமே. ஆனால் காவிரிக் கரையில் விற்கிற டப்பாவிலாவது அது வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இதில் ஒரு கணக்கு உண்டு. வெனிலா, காபி, ஏலக்காய், வெற்றிலை எல்லாவற்றின் மணமும் கொழுப்பில் நன்றாகக் கரையும். பால் கொழுப்பு அந்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வாயில் உருகும்போது மெல்ல மெல்ல விடும். அதனால் வெற்றிலையும் பாலும் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வீட்டில் செய்து பார்த்தேன். கொழுந்து வெற்றிலையாக எடுத்து, காம்பும் நடு நரம்பும் கிள்ளிவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரையோடு அம்மியில் மை போல அரைத்து, காய்ச்சி ஆற வைத்துக் குளிரூட்டின பால் கொஞ்சம் விட்டுத் துணியில் பிழிந்துகொண்டேன். இளகின வெனிலாவில் அதைக் கலந்து கிளறி, உடனே பரிமாறினேன். வெளிறிய பச்சை. முதலில் பால், பிறகு இலையின் பச்சை வாசனை, விழுங்கும்போது நாக்கு நுனியில் லேசான காரம், அந்தக் காரத்தை உடனே குளிர் அணைக்கிறது. அப்பாயி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு துளி பாக்கு வாசனையும் இருந்தால் தேவலை என்றார். பாக்கை நான் சேர்க்கவில்லை, துவர்ப்பு பாலைக் கெடுத்துவிடும்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். அரை லிட்டர் வெனிலாவுக்கு ஆறேழு இலைக்கு மேல் வேண்டாம், கசக்கும். முற்றல் இலையில் காரம் அதிகம், மணம் குறைவு, கொழுந்தாகவே கேட்டு வாங்குங்கள். கடையில் கவுளிக் கணக்கில், அதாவது கட்டாகத்தான் தருவார்கள் என்றில்லை, பத்து இலை கேட்டாலும் கொடுப்பார்கள். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி நிறம் கருத்துவிடும், அம்மியோ கல்வமோ நல்லது. கலந்ததைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பனி கட்டிவிடும். கரண்டியில் வழிகிற பதத்திலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். வெனிலா மட்டும் பால் கொழுப்பு 10 சதவீதம் உள்ளதாக இருக்கட்டும், ஃப்ரோசன் டெசர்ட்டில் இதைச் செய்தால் இலை வாசனை தனியாக, எண்ணெய் தனியாக நிற்கிறது, செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.